ஐந்தாவது பார்

நான்காவது பாரிலிருந்தும் மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்ததும், பெயின்டருக்குக் கோபம் தலைக்கேறியது.

"டவுனுக்குள்ள நல்ல பாரா ஒண்ணு பாக்கணும், கூட வா" என்று கூப்பிட்டவரே அவர்தான். அக்கா புருஷன், மூட்டை தூக்குகிறவர். ஒரு இடத்திலாவது உட்கார்ந்தாரா? கழிவறைத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். பின்வாசல் சந்தில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"தொண்டை காயுது மாமா! குடிக்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?"

"வாயை மூடிட்டு வா மாப்ள."

ஐந்தாவதில் தாழ்ப்பாள் கெட்டியாக இருந்தது. சந்திலும் நல்ல வெளிச்சம். பெயின்டர் பாய்ந்து உட்கார்ந்து பீர் வரவழைத்து, ஒரே மூச்சில் பாதியை இறக்கினான். மாமா நேராக மேனேஜரிடம் போனார்.

"சர்வர் வேலைக்குப் பொண்ணுங்க வேணும்னு சொன்னாங்க. என் மக வேலைக்குப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நாளைக்கு அனுப்பட்டுமா?"

பெயின்டர் துள்ளி எழுந்தான். "புத்தி கெட்டுப்போச்சா மாமா? கண்டவனும் குடிக்கிற இடத்துல எங்க அக்கா மக நிக்கிறதா?"

மாமா திரும்பி அவனை முறைத்தார்.

"மொதல்ல வாயில இருக்கிற நுரையைத் துடை மாப்ள. அப்புறம் பேசு."