மிஷினுக்கு ஒண்ணு

திண்டிவனம் மண்டியில் காலை வெயில் தராசில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூட்டை மட்டும் ஏறவில்லை. பில் போடும் மென்பொருள் இருக்கும் விழுப்புரம் கடை சர்வருக்குள் நுழைய லைசென்ஸ் இல்லையென்று இரண்டு கணினிகளும் அடம்பிடிக்கின்றன. இலவசக் கெடு நேற்றோடு சரி. பில் வராவிட்டால் வந்திறங்கிய மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அத்தனையும் எதிர் மண்டிக்குப் போய்விடும். லைசென்ஸ் விற்பவரிடம் போனில் விலையைக் குறைக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட முதலாளி கன்னியப்பன், போனை மனைவி வெண்ணிலாவிடம் நீட்டுகிறார். அவள் விலையைப் பேசவே இல்லை. “ஏன் சார், எங்க ஒம்பது பேர் தலைய எண்ணிக்கினு ஆளுக்கு ஒண்ணு வாங்கச் சொல்றீங்களே, எல்லாரும் மாத்தி மாத்தி இந்த ரெண்டு மிஷின்லதான குந்திக்கினு வேல செய்றாங்க? மிஷினுக்கு ஒண்ணுன்னும் லைசென்ஸ் இருக்குதில்ல?” மறுமுனை சற்றே இருமுகிறது. “இருக்குதுங்க மேடம்.” இரண்டே லைசென்ஸுக்குப் பணம் போன கொஞ்ச நேரத்தில் திரை திறக்கிறது, பிரிண்டர் கரகரவென்று தொண்டையைச் செருமுகிறது. “என்னா மொதலாளி, உன் பேரம்லாம் எங்க போச்சு?” என்று சீண்டுகிறார் ஒலக்கூர் விவசாயி. “எங்க வூட்டுலதான் கீது, பாத்தியில்ல?” என்று மண்டி முழுக்கக் கேட்கச் சொல்லும் கன்னியப்பன், முதல் பில்லைக் கல்யாணப் பத்திரிகை போல இரண்டு கையாலும் நீட்டுகிறார்.