பழைய டிஸ்க்

“புது கம்ப்யூட்டர்ல யாராவது பழைய டிஸ்க்கைப் போடுவாங்களாங்க?”

நான் கேட்டதற்கு என் வீட்டுக்காரர் மோகன் நிமிரவே இல்லை. “ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

“கட்டக் கட்டக்னு சத்தம் வேற வருது.”

“வரட்டும்.”

ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த நசீர் பாய் சிரித்தார். “அண்ணன் புடிச்சா புடிதான். அவருக்கு மாமியா வூட்டுச் சீருன்னு நெனச்சிக்கம்மா.”

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவர் கடை. முதல் வகுப்பு படிக்கும் என் மகள் தமிழரசிக்காகத்தான் கம்ப்யூட்டர். மானிட்டர், கேபினெட் எல்லாம் புதுசு. இவ்வளவு செய்கிற மனுஷன் ஒரு டிஸ்க்கில் போய்க் கஞ்சத்தனம் பார்க்கிறாரே என்று எரிச்சல்.

எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம்.

அந்த டிஸ்க் என் முதல் கணவர் வெற்றிவேலுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டர் காவலூரில் அம்மா வீட்டுப் பரணில் கிடந்தது. அதிலிருந்து மோகன்தான் இதைக் கழற்றி வந்தார். “போனவன் சாமான் மறு வூட்டுப் படி ஏறக்கூடாதுப்பா” என்று அம்மா தடுத்தும் கேட்கவில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால், போனில் எடுத்த வீடியோவையெல்லாம் வெற்றி அதில் ஏற்றிவிடுவார். புளி உலுக்கும்போது தலையில் கொட்டி நான் அலறியது. பனியில் அவர் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, பொம்மை மாதிரி நடந்தது. கரிந்துபோன என் முதல் சாமை உப்புமாவை ‘பிரமாதம்’ என்று சொல்லித் தின்றது. எல்லாவற்றிலும் நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அப்படிச் சிரிக்கிற என்னை மோகன் இன்னும் பார்த்ததில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பார்த்துவிட்டால்? பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுபடி நான் எங்கே போய் நிற்பேன்?

மோகன் டீ வாங்கப் போனார். கான்வென்ட்டில் படித்த ஜெபம் மனசுக்குள் தானாக ஓடியது.

“பாய், அந்த டிஸ்க்கை அழிச்சிடுங்க.”

“இன்னாம்மா?”

“அவர் வர்றதுக்குள்ள ஃபார்மட் பண்ணிடுங்க. கேட்டா தானாவே போய்டுச்சின்னு சொல்லுங்க. அதான் சத்தம் வருதே.”

பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “உன் மொத வூட்டுக்காரரு படமெல்லாம் அதுல இருக்குதாமே. அழிக்கச் சொல்றியே?”

“யார் சொன்னது?”

“அண்ணன்தான்.”

“அவர்... பாத்துட்டாரா?”

“ஒண்ணுகூட இல்ல. உங்கம்மா சொல்லித்தான் அவருக்கே தெரியும். நேத்து நான் சும்மா தொறந்து பாக்கப் போனேன், கையப் புடிச்சிட்டாரு. ‘அவ பாக்காம நாம பாக்கக்கூடாது பாய். மூடுன மாதிரியே காப்பி பண்ணு’ன்னாரு.”

“காப்பியா?”

“புதுசா ஒரு டிஸ்க் வாங்கி அதுலயும் மொத்தமா ஏத்தியாச்சு. உள்ளதான் இருக்குது. பழசு எப்ப வேணா போய்டும்னு சொன்னேன். அப்பிடின்னா ரெண்டுலயும் இருக்கட்டும், ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்னாரு. நீ இன்னாடான்னா அழின்றே!”

மோகன் டீ கிளாஸ்களோடு படியேறினார். என் முகத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

“சொல்லிட்டியா பாய்?”

“தங்கச்சி அழிக்கச் சொல்லுதுண்ணே. நான் இன்னா பண்றது?”

எனக்குத் தலை நிமிரவில்லை. “எதுக்குங்க இதெல்லாம்? உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?”

அவர் டீயை என் கையில் கொடுத்தார்.

“போன வாரம் பாப்பா கேட்டா, ‘எங்கப்பா என்னை எப்படிக் கூப்புடுவாரு?’ன்னு. நானும் கண்ணுன்னு கூப்ட்டேன், செல்லம்னு கூப்ட்டேன், என்னென்னமோ கூப்ட்டுப் பாத்தேன் கோகிலா. ‘இப்பிடி இல்ல’ன்னுட்டா.”