எடை குறைந்த கோள்

அம்பத்தூர் மொட்டைமாடிச் சுவர்மேல் மடிக்கணினி. மாலை வெயில் கூச, கவிப்பிரியா துப்பட்டாவால் திரைக்கு நிழல் கட்டிப் பார்க்கிறாள். தொலைதூர விண்மீனை ஒரு கோள் கடக்கும்போதெல்லாம் அதன் ஒளியளவைக் காட்டும் கோட்டில் சின்னப் பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் ஆழம் கோளின் பருமனைச் சொன்னது. கோளின் இழுப்பில் விண்மீன் ஆடிய ஆட்டம் எடையைச் சொன்னது. இரண்டு வருஷ ஆராய்ச்சியின் கண்ணெரிச்சல், அடர்த்தி என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. பவுண்டரி என்னும் வார்ப்பாலையில் இரும்பு வார்ப்புகளைச் சோதிக்கும் அண்ணன் டில்லிபாபு எட்டிப் பார்க்கிறான். "இன்னாம்மே, சைசுக்கு வெயிட்டு கம்மியா கீது? உள்ள காத்து பூந்துக்கினு கீது. ரிஜெக்ட் பண்ணு." அவள் சிரிக்கிறாள். "காத்து இல்லண்ணா. பாறைக்கு மேல தண்ணியா இருக்கலாம்." "தண்ணியா?" ஆவடி ரயில் கடகடத்துப் போய் ஓய்கிறது. டில்லிபாபு சட்டைப்பையிலிருந்து சாக்பீசை எடுத்து, மடிக்கணினிக்குப் பக்கத்தில், தேறிய வார்ப்புக்குப் போடும் பெரிய டிக்கைப் போடுகிறான்.