விடிந்த பிறகு வந்த கொசு

நெல்வயல் பக்கமிருந்து வெயில் ஏறுகிறது. வலைத்துணியால் அடைத்த ஆய்வுக்கூண்டுக்குள், ஒரு காலை முழங்கால்வரை திறந்து வைத்து, ஸுஹூரா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கொசுவை உறிஞ்சிப் பிடிக்கும் குழாய் அவள் கையில் வியர்வையில் வழுக்குகிறது. விடியலில் தன் வாசலில் கடிக்க வந்த கொசுக்களைப் பிடித்துக் கொடுத்தவள் இவள்தான், கண்ணுகளா. அவை இட்ட முட்டைகளில் பிறந்த மகள்கள் இந்தக் கூண்டில் இருக்கின்றன. இவற்றிடம் மலேரியா இல்லை. ஆனால் தாய்களைப் போல இவையும் வெளிச்சத்தில் கடிக்க வந்தால், அது பிறவிக் குணம். அப்புறம் இரவில் மட்டும் படுக்கையைச் சுற்றிக் கட்டும் வலையால் என்ன பயன்? போன மழைக்காலத்தில் காய்ச்சலில் துவண்டு கிடந்த ஸுஹூராவின் மகள் சிகுஜுவா, இந்த நேரத்தில்தான் தண்ணீருக்குப் போவாள்.

“ஒண்ணுகூட வரலயே அக்கா. சோப்புப் போட்டுக் குளிச்சிட்டீங்களா?” வெளியே நிற்கும் ஆய்வாளன் மஷாக்கா சிரிக்கிறான்.

“சோப்பத் தொடாதேன்னு நீதானப்பா சொன்ன? இந்த நாத்தத்துக்கு என் புருஷனே கிட்ட வரல, கொசுவா வரும்?”

சொல்லி வாய் மூடவில்லை. கெண்டைக்காலில் மெல்லிய கூச்சம். பின்பக்கத்தைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, ஒரு கொசு உட்கார்ந்திருக்கிறது. அருகிலேயே இன்னொன்று இறங்குகிறது. வெளியே பாதையில் பிளாஸ்டிக் வாளி தடதடக்கிறது.

“சிகுஜுவா! தண்ணி வேணாம்டி! வீட்டுக்கு ஓடு, வலைக்குள்ள போயி உக்காரு!”

“என்னம்மா நீ,” வெறுங்காலோடு நின்று சிரிக்கிறது குழந்தை, “அதான் விடிஞ்சிருச்சே!”