கூட்டாளி பேரில்

"அப்போ, நீங்க பண்ற வண்டியில உங்க கம்பெனி பேரே இருக்காதா தம்பி?"

பெண்ணின் அப்பா பொன்னுசாமி கேட்ட கேள்வியில் ஜெயக்குமார் கேசரித் தட்டைக் கீழே வைத்தான்.

அம்மாவோடு ஆரணிக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். இளமதி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் மனசும் பின்னாலேயே போய்விட்டது. அவள் அப்பாதான் விடுவதாக இல்லை. 'தைவான் கார் கம்பெனியா? நாளைக்கே மூட்டை கட்டிடுவான்' என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இதுவும் போச்சா!

"ஆரம்பத்துல அப்படித்தாங்க. ஜப்பான்காரன் பார்ட்ஸ் தருவான், தைவான்ல மாட்டி அவன் பேர்லயே விப்பாங்க. அப்புறம் அமெரிக்கா, பிரான்ஸ்னு கூட்டு சேர்ந்தாங்க. இப்போ இங்கேயும் ஒரு கூட்டு. அப்படியே வளர்ந்து, சொந்தமா ஒரு வண்டிக்கு டிசைனும் போட்டாங்க."

"உழைப்பு இவங்களுது, பேரு அவங்களுது. ம்..."

பேச்சை மாற்றப் பார்த்தாள் ஜெயக்குமாரின் அம்மா ஜெயம். "இந்தப் பட்டு காஞ்சிபுரத்துல பெரிய கடையில எடுத்ததுங்க. உங்க ஊர்ல எடுக்கலையேன்னு தப்பா நினைக்காதீங்க!"

பொன்னுசாமி அந்தப் புடவைக் கரையையே உற்றுப் பார்த்தார். "நல்ல சரக்கும்மா" என்றார். அவர் மனைவி கமலத்துக்கு ஏனோ இருமல் வந்தது.

"அது சரி தம்பி. சொந்த வண்டிக்கு டிசைன் போட்டது கூட்டாளிக்குத் தெரியுமா?"

"தெரியுங்க..."

"கோவிச்சுகினு ஆர்டரை நிறுத்திட்டா இன்னா பண்ணுவாங்க?"

ஜெயக்குமாருக்குச் சுருக்கென்றது. இது மாப்பிள்ளையை விசாரிக்கிற கேள்வி இல்லையே! போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது இவரை விட்டு வாயைக் கிளறுகிறானா? போன மாதம்தான் தகவலை வெளியே விட்ட ஒருத்தனுக்குச் சீட்டைக் கிழித்தார்கள். பெண் பிடித்துப்போனதற்காக வேலையைப் பறிகொடுக்க முடியுமா?

"தப்பா நினைக்காதீங்க. நீங்க யாருக்காக இதெல்லாம் கேக்கறீங்க?"

"சொல்றேன். நீங்க முதல்ல பதில் சொல்லுங்க."

ஊருக்கே தெரிந்த கதைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான். "ஒரேயடியா வெட்டிக்கலைங்க. கூட்டாளி வண்டியையும் பண்ணிகினே சொந்தப் பேர்ல ஒரே ஒரு வண்டி விட்டாங்க. அது ஓடினதும் அடுத்தது."

"மூழ்கிடலையே?"

"மூழ்கியிருந்தா எனக்கு ஏதுங்க சம்பளம்?"

பொன்னுசாமி சட்டென்று எழுந்தார். கமலம் கையைப் பிசைந்தாள். அவ்வளவுதான் என்று ஜெயக்குமாரின் கண் வாசலில் கிடந்த செருப்பைத் தேடியது.

"கமலம், ஜல்தியா இலையைப் போடு. மாப்ள கை நனைக்கட்டும்!"

ஜெயக்குமார் நம்பாமல் நிமிர்ந்தான். அவர் ஜெயத்தின் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்.

"கூறைப் புடவை எடுக்கறது உங்க முறைதாம்மா. ஆனா அதுக்கு காஞ்சிபுரம் போயிடாதீங்க. நீங்க கட்டிகினு இருக்கறதே என் தறியில நெய்ததுதான், அந்தக் கடைக்காரர் அவர் பேரை ஒட்டி வித்திருக்கார். ஆர்டரை நிறுத்திடுவாரோன்னு இத்தினி காலமும் அவருக்கு பயந்துகினு கெடந்தேன்; என் பேர்ல வரப்போற முதல் புடவை எம் பொண்ணு கூறைதான்!"