கெர்டியிடம் ஒரு மணி நேரம்

"மூடியைத் திறங்க மேடம், மீனை உள்ள போடணும்" என்றார் டெல்பர்ட்.

"வேண்டாம். உள்ள எல்லாம் இருக்கு" என்றாள் மேவிஸ். உருண்டையான அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். "ஹக்கிள்பெர்ரி ஜாம், உலர்ந்த மாட்டிறைச்சி, கடலை வெண்ணெய்."

"வழக்கமா நாங்கதான் போடுவோம்."

"மலையில நடக்கிறவங்க எதைக் கட்டிக்கிட்டுப் போவாங்களோ, அதைத்தான் போட்டிருக்கேன். உங்க நாத்த மீனை எவன் முதுகுல சுமக்கப் போறான்?"

டெல்பர்ட் மறுக்கவில்லை. மொண்டானாவில் அந்தக் கரடிக் காப்பகத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறார். கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி என்று சொல்லி யார் எதைச் செய்தாலும், விற்பதற்கு முன் அவரிடம் கொண்டுவருவார்கள். கெர்டி என்ற அறுநூறு பவுண்டு கரடியிடம் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் முத்திரை கிடைக்கும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

மேவிஸ் போன வசந்தத்திலும் வந்திருந்தாள். நாலு வருஷம் கேரேஜில் உட்கார்ந்து செய்த பெட்டி. கெர்டி ஒன்பதே நிமிஷத்தில் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"இந்தத் தடவை மூடியை மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சு. அழுத்தித் திருகினா உள்ள ஒரு கொக்கி விழுந்து பூட்டிக்கும்."

அவள் கணவர் ஆர்லோ தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வேலியோரம் நின்றார். அந்த வட்டாரத்தில் மாட்டுச் சந்தை என்றால் அவர்தான் ஏலக்காரர். மூச்சு விடாமல் முப்பது மாட்டை விற்றுவிடுவார்.

"என்ன ஆர்லோ, போன தடவை கெர்டியையே ஏலம் விட்டீங்க. இன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ரெண்டு மணிக்கு ஏலம் இருக்கு. முன்னூறு மாடு. தொண்டையைப் பத்திரப்படுத்துறார்" என்று மேவிஸ் முந்திக்கொண்டாள். ஆர்லோ உதட்டை இறுக்கியபடி தலையாட்டினார்.

பதினோரு மணிக்குப் பெட்டியின் மேல் தேனைத் தடவி உள்ளே உருட்டிவிட்டுக் கூண்டுக் கதவைத் திறந்தார்கள். கெர்டி நிதானமாக வந்து மோந்து பார்த்தது. தூக்கிப் பாறையில் அடித்தது. பிறகு வாயை அகலத் திறந்து மூடியைக் கவ்வியது.

"கடிடி செல்லம். நல்லா அழுத்திக் கடி" என்று மேவிஸ் முணுமுணுத்தாள்.

டெல்பர்ட் சிரித்துவிட்டார். "மத்தவங்கல்லாம் 'கடிக்காதே தாயே'ன்னு கும்பிடுவாங்க."

"சும்மா ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?"

இருபத்திரண்டாம் நிமிஷம் 'படக்' என்று ஒரு சத்தம். கணவனும் மனைவியும் சட்டென்று கையைக் கோத்துக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க, கல்லுதான் உடைஞ்சிருக்கு. பெட்டிக்கு ஒண்ணும் ஆகல" என்று டெல்பர்ட் தேற்றினார். மேவிஸ் நீளமாக மூச்சு விட்டாள்.

முப்பத்தொன்றாம் நிமிஷம் கெர்டிக்கு அலுத்துவிட்டது. மர நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் மேடம்! அவ தூங்கினாலும் கடிகாரம் ஓடும். இங்க விதிமுறை அப்படி."

"எழுப்புங்க."

"என்னது?"

"எழுப்புங்கன்னேன். அந்த மீனை எடுத்துப் பெட்டி மேல வீசுங்க."

டெல்பர்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலிக்கு வெளியே மண்டியிட்டு ஜெபம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறார். தூக்க மாத்திரை திணித்த மீனோடு வந்த ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். தூங்குகிற கரடியை எழுப்பச் சொன்ன ஆளை இன்றுதான் பார்க்கிறார். இப்படியும் ஒரு நேர்மையா என்று அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக மீனை வீசினார்.

கெர்டி எழுந்து வந்தது. மீனைத் தின்றுவிட்டு, பெட்டியைக் குட்டையில் முக்கியது. மேலே ஏறிக் குதித்தது. நகத்தைக் கொடுத்து நெம்பியது. மேவிஸ் நகத்தைக் கடித்தாள். ஆர்லோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு அடித்ததும் டெல்பர்ட் விசில் ஊதினார். கெர்டியைக் கூண்டுக்குள் அனுப்பிவிட்டுப் பெட்டியை எடுத்து வந்தார். உடம்பெல்லாம் கீறல், எச்சில், சேறு. மூடி மட்டும் இம்மி அசையவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க மேடம்!"

மேவிஸ் அப்படியே புல்லில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். ஆர்லோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். டெல்பர்ட்டுக்கும் கண் கலங்கியது.

"இத்தனை வருஷ உழைப்பு, அழுகை வரத்தானே செய்யும். எங்க, மூடியைத் திறந்து காட்டுங்க. உள்ள நகம் படலைன்னு பார்த்துட்டு முத்திரை குத்திடறேன்."

"திறக்கறதா? நேத்து ராத்திரி ஆத்தோரம் கூடாரம் போட்டோம். கரடி நடமாடுற இடமாச்சேன்னு, விதிப்படி வாசனை அடிக்கிற எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டு மூடினேன், பற்பசை முதற்கொண்டு" என்று மூக்கை உறிஞ்சினாள் மேவிஸ். "விடிஞ்சதிலேர்ந்து சுத்தியலால அடிச்சாச்சு, காரையும் மேல ஏத்தியாச்சு. கெர்டியைத்தான் கடைசியா நம்பி வந்தோம்."

காலையிலிருந்து முதல் முறையாக ஆர்லோ தன் பொக்கை வாயைத் திறந்தார்: "என் பல்செட்டு அதுக்குள்ளதான் இருக்கு டெல்பர்ட், இதைவிடப் பெரிய கரடி எதாவது வெச்சிருக்கியா?"