அவள் ஏன் கதவைத் திறக்கிறாள்

ரகுராமன் சார் என் கதையைப் பற்றிப் பேசுவதற்கு முன் என் ஊரைக் கேட்டார்.

திருப்பனந்தாள் பக்கம் என்றேன். பக்கம் என்றால் எந்த ஊர் என்றார். சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

இதைக் கேட்காவிட்டால் சிலருக்குத் தின்றது செரிக்காது. தெருவையும் சொன்னேன். அவர் வாய்க்குப் போன ஸ்பூன் பாதியில் நின்றது. பிறகு, "சரி, கதைக்கு வருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தஞ்சாவூரில் அவர் வீட்டு ஹால். எழுதுகிற ஆசையுள்ள ஐந்து பேர் மாதம் ஒருமுறை அங்கே கூடுவோம். ஒருவர் கதையை மற்றவர்கள் படித்துவிட்டு வந்து கருத்துச் சொல்வார்கள். ஏசிக்காகக் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு தட்டில் கேசரி. அந்த நெய் என் விரலிலும் கதைத்தாளிலும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

சார் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலத்தையெல்லாம் விற்றுவிட்டு டவுனுக்கு வந்த குடும்பம். எந்த ஊர் நிலம் என்று அவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

என் கதை இரண்டே பக்கம். வயதான ஒரு அம்மா மகளின் புது ஃப்ளாட்டுக்கு வருகிறாள். மதியம் படுக்க ஏசி ரூமைக் கொடுக்கிறார்கள். மகள் கதவைச் சாத்துகிறாள். அம்மா எழுந்து திறக்கிறாள். மகள் மறுபடி சாத்த, அம்மா மறுபடி திறக்கிறாள். கடைசியில் பால்கனி வெயிலில் பாயை விரித்துப் படுத்து, கழுத்தைச் சொறிந்தபடியே தூங்கிப்போகிறாள்.

ஃப்ளாட் என்னுடையது. அம்மாவும் என் அம்மாதான், செவ்வந்தி. இதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை.

கதை எழுதப்போகிறேன் என்றதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"எழுதிக்க. ஏன்னு மட்டும் எழுதாத."

சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"ஏன் திறக்கிறாங்க? எனக்குப் புரியல சுடர்விழி" என்றாள் அம்ருதா. சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தவள், நல்ல பெண். "அவங்களுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு ஒரு வரி குடுத்தா போதும்."

அந்த ஒரு வரி இல்லாததால் ஆளாளுக்கு நிரப்பினார்கள். கிராமத்துக்காரங்களுக்கு ஏசி பழக்கமில்லை என்றார் ஒருவர். லேசான மனநோய் என்றார் இன்னொருவர். சொறி எதற்கு, சிரங்கா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். கேசரியை மென்றுகொண்டே என் அம்மாவை ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தட்டைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவர்களைவிட என்மேல்தான் அதிக அருவருப்பு. இவர்கள் நடுவில் அம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தவள் நான்தானே.

காரணத்தைச் சொன்னால் வாக்குத் தவறும். சொல்லாவிட்டால் அம்மா பைத்தியமாகவே இங்கே கிடப்பாள்.

சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

ரகுராமன் சார் கையைக் காட்டித் தடுத்தார். எனக்கு ஆச்சரியம். பாத்திரத்தின் ஜாதகமே வேண்டும் என்று எங்களைக் குடைகிறவர் அவர். போன மாதம் ஒரு கதையில் வந்த தபால்காரருக்கு எத்தனை அக்கா தங்கை என்றுகூடக் கேட்டார்.

"வேண்டாம்மா" என்றார், மிகவும் கனிவாக. "முன்கதையைப் போட்டா கதை கெட்டுடும். சின்னப் பொண்ணு நெல்லு கூட்டப் பத்தாயத்துக்குள்ள இறங்கினா, ஒரு பையன் விளையாட்டா மூடி மேல ஏறி உட்கார்ந்துட்டான். இதையெல்லாம் போய் யாராவது எழுதுவாங்களா?"

அம்ருதா தாளைப் புரட்டினாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தப் பத்தாயம் சார்? கதையில அப்படி எதுவும் இல்லையே?"

 சார் ஒரு ஸ்பூன் கேசரியை அள்ளி வாயில் போட்டு மூடிக்கொண்டார். தாடை அசையவில்லை. கடைவாயில் நெய் வழிந்தது.  எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தேன்.

அந்தப் பத்தாயம் எனக்குத் தெரியும். களத்துக் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு நின்ற மரப்பெட்டி. அடியில் கிடந்த நெல்லைக் கூட்டி அள்ள அம்மாவை அதற்குள் இறக்கிவிட்டபோது அவளுக்கு எட்டு வயது. மேலே மூடி விழுந்தது. எக்கி இரண்டு கையாலும் தள்ளியும் அசையவில்லை. உள்ளே இருட்டு, மூச்சு முட்டுகிற தூசி, உடம்பெல்லாம் அரிக்கிற நெல் சுணை. அவள் கத்திக் கத்திக் குரல் அடங்கிப்போன பிறகுதான் மூடி திறந்தது. அதற்குள் கழுத்தைப் பிறாண்டிப் பிறாண்டி ரத்தமாக்கியிருந்தாள்.

ஆனால் அம்மா சொன்னதில் பையன் யாரும் கிடையாது.

ஏன் எழுதக்கூடாது என்று நான் கேட்டதற்கு, கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள்:

"யாரோ தெரியாம நெல்லு மூட்டையத் தூக்கி மேல வச்சுட்டாங்க. உள்ள ஆளு இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். அவங்க பேர நாம எதுக்குக் கெடுக்கணும்?"